வாயால் இறங்கிய பாய்லர்

“இன்னைக்கு நான் ஒன்பது டன் பாய்லரை எட்டு மாடி உயரத்துலேர்ந்து வெறும் வாயாலேயே இறக்கி வெச்சேன்,” என்றார் கொக்கி.

சொல்லிவிட்டு, சுமை இறக்கிய களைப்பு இன்னும் போகாதவர்போலத் தாடையை இரண்டு விரலால் நீவி விட்டுக்கொண்டார்.

 சாப்பாட்டு மேசையில் முதலில் மகள் சிரித்தாள். மகள் சிரித்ததைப் பார்த்து மனைவிக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

“வாயாலேயா? பல்லால கடிச்சா, உதட்டால கவ்வியா?” என்றாள் மகள்.

“பேசி இறக்கினேன்டி. பேசிப் பேசியே இறக்கினேன். அதுவும் இங்கிலீஷ்ல.”

இங்கிலீஷ் என்றதும் சிரிப்பு இரண்டு மடங்கானது. பாய்லரைக்கூட நம்பிவிடலாம், இங்கிலீஷை எப்படி நம்புவது?

கொக்கி எதைச் சொன்னாலும் பாதியாகக் குறைத்து எடுத்துக்கொள்வது அந்த வீட்டுப் பழக்கம். ஐம்பது பேர் வந்தார்கள் என்றால் இருபத்தைந்து. வெள்ளம் என்றால் தூறல். ஆனால் இதைப் பாதியாகக் குறைத்தாலும் நாலரை டன் பாய்லரும் நாலு மாடியும் மிஞ்சுகிறதே, அதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

“நம்பலைன்னா உன் தம்பியைக் கேளு. அவனும்தானே அங்க இருந்தான்,” என்று மனைவியிடம் சொல்லி எதிர்ப்பக்கம் கையைக் காட்டினார் கொக்கி.

எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தவர் கொக்கியின் மச்சினர், மனைவியின் தம்பி. ஊர் முழுக்க அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடும், இங்கிலீஷ் மாஸ்டர். சட்டை மடிப்பில் கையை வைத்தால் கை அறுந்துவிடும், அவ்வளவு கூர்மை. பேருந்து கிளம்பினால்கூட ஓட மாட்டார். அவர் நடக்கிற நடையைப் பார்த்துப் பேருந்துதான் வெட்கப்பட்டு நிற்க வேண்டும். அவர் சிரித்த சம்பவம் இதுவரை ஒன்றே ஒன்றுதான். அதுவும் கேமராக்காரர் கெஞ்சிக் கேட்டதால்.

“கிரேன் இறக்குச்சு. இவர் பக்கத்துல நின்னு என்னமோ உளறிக்கிட்டிருந்தார்,” என்றார் மாஸ்டர், தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். “சாப்பிடுங்க அத்தான், ஆறிடும்.”

“உளறினேனா? மாப்ளே, கடைசியில அந்தப் பள்ளத்துல…” என்று ஆரம்பித்த கொக்கி, மச்சினரின் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தில் ஈயாடவில்லை. கொக்கி வாயை மூடிக்கொண்டார்.

கொக்கி பாதி வாக்கியத்தில் வாயை மூடியது கல்யாணமான நாள்முதல் அன்றுதான். அதை யாரும் கவனிக்கவில்லை. எல்லோரும் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

கொக்கி என்பது அவருடைய பெயர் இல்லை, வேலை ஒட்டிக்கொண்டு வந்தது. கிரேன் கொக்கியில் சுமையை மாட்டிவிட்டு, எங்கே நகர வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்று ஓட்டுபவருக்குச் சைகை காட்டும் வேலை. ஓட்டுபவர் கிரேனில் உட்கார்ந்திருப்பார்; சுமை இறங்கும் இடம் பெரும்பாலும் அவர் கண்ணுக்குப் படாது. படுவது சைகைக்காரரின் கண்ணுக்குத்தான். கொக்கி பத்தொன்பது வருஷம் கையாலேயே பேசினார். விரலை மடக்கினால் இரும்புத் தூண் இறங்கும், முஷ்டியை மூடினால் அந்தரத்தில் நிற்கும். அவர் ஒருமுறை கொட்டாவி விட்டுக் கையைத் தூக்கியதில் ஒரு லாரி தண்ணீர்த் தொட்டி தானாக மேலே போய்விட்டது என்று சொல்வார்கள். சொன்னவர் அவரேதான்.

இப்போதெல்லாம் கட்டடங்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. கிரேன் ஒரு தெருவில், சுமை இறங்கும் இடம் அடுத்த தெருவில். கையைக் காட்டினால் யாருக்குத் தெரியும்? அதனால் வாக்கி டாக்கி ரேடியோ வந்தது. கிரேன் ஓட்டுபவர்கள் நாலா தேசத்திலிருந்தும் வந்தார்கள். அதனால் கூடவே இங்கிலீஷும் வந்தது.

வேலைத்தளத்தின் பாதுகாப்பு அதிகாரி ஒரு அம்மா. பேச்சில் பஞ்சு, முடிவில் இரும்பு. “இங்கிலீஷ்ல சொல்லத் தெரிஞ்சவங்களுக்குத்தான் ரேடியோ. மாஸ்டர் சாயங்காலம் வந்து சொல்லிக் கொடுப்பார்; அவரே பரீட்சை வெச்சு, தேறினாங்கன்னு எழுதிக் கொடுக்கணும். தேறாதவங்க கேட்டுக்குப் போகலாம். சம்பளம் அதேதான்,” என்றார்.

கேட் என்றால் நாற்காலி, நிழல், மின்விசிறி, உள்ளே வரும் வண்டிகளின் எண்ணை நோட்டில் எழுதும் வேலை. மற்றவர்கள் கேட்டால் அதிர்ஷ்டம் என்பார்கள். கொக்கிக்கு அது தண்டனை. பத்தொன்பது வருஷமாக வானத்தை அண்ணாந்து பார்த்துப் பழகிய கழுத்து. அதைக் குனிய வைத்து நம்பர் பிளேட்டைப் படிக்கச் சொன்னால் ஒடிந்துவிடாதா?

ஆகவே வாரம் மூன்று மாலை, வேலைத்தளத்துத் தகரக் கொட்டகையில், சொந்த மச்சினரின் முன்னால் பெஞ்சில் உட்கார்ந்தார். மாஸ்டருக்கு வகுப்பறைக்குள் சொந்தபந்தம் கிடையாது. ஆஜர் எடுக்கும்போது அத்தானின் முழுப்பெயரைக் கூப்பிடுவார். கொக்கி வேண்டுமென்றே, “இருக்கேன் மாப்ளே,” என்பார். பெஞ்சே குலுங்கும்.

முதல் வாரம் பாடம், நடந்துகொண்டிருப்பதைச் சொல்லும் காலம்.

“இப்போ, இந்த நிமிஷம், கண்ணு முன்னாடி நடந்துக்கிட்டிருக்கிறதுக்குத்தான் இந்த இங். ஈட்டிங், கோயிங், ஸ்டாண்டிங். நடக்காத ஒண்ணுக்குப் போட்டீங்கன்னா அது பொய். புரியுதா?”

கொக்கிக்கு நன்றாகப் புரிந்தது. புரிந்தது மட்டுமில்லை, உச்சி குளிர்ந்துபோனார். இத்தனை வருஷம் அவர் செய்த வேலையே அதுதானே! நேற்று தூக்கியது நேற்றோடு போச்சு. நாளைக்குத் தூக்கப்போவது இன்னும் லாரியில் கிடக்கிறது. தலைக்கு மேலே இந்தக் கணம் ஆடிக்கொண்டிருக்கிறதே, அது ஒன்றைத்தானே அவர் கவனித்திருக்கிறார். வெள்ளைக்காரன் தன்னைப் போன்ற ஒரு ஆளுக்காகவே ஒரு காலத்தை ஒதுக்கி வைத்திருக்கிறான் என்று முடிவு கட்டினார். அதோடு மனக்கதவைச் சாத்திவிட்டார். மூன்று மாதம் மாஸ்டர் தலைகீழாக நின்றும் இறந்தகாலமோ எதிர்காலமோ ஒன்றுகூட உள்ளே நுழையவில்லை.

“உங்க அப்பாவைப் பத்திச் சொல்லுங்க,” என்றார் மாஸ்டர் முதல் பரீட்சையில்.

“மை ஃபாதர் இஸ் டையிங்.”

“அத்தான்! மாமா செத்து இருபது வருஷம் ஆச்சே!”

“ஆமா மாப்ளே. பாவம், இருபது வருஷமா.”

இரண்டாம் பரீட்சையில், “இந்தச் சொல்லுக்கெல்லாம் இங் வராது, ஐ நோ அப்படின்னுதான் சொல்லணும், ஐ ஆம் நோயிங் இல்லை,” என்று மாஸ்டர் திருத்தினார். “நான் தெரிஞ்சுக்கிட்டேதானே இருக்கேன்? நிறுத்தலையே?” என்று கேட்டார் கொக்கி. மாஸ்டர் சிவப்பு மையால் பூஜ்யம் போட்டு, அது போதாதென்று அதைச் சுற்றி இன்னொரு வட்டமும் போட்டார்.

“இவரால தொடர்ந்து ஒரு நிமிஷம் இங்கிலீஷ் பேச முடியாது மேடம். எனக்கே கஷ்டமாத்தான் இருக்கு. அக்கா வீட்டுக்காரர். ஆனா பொய்யா எழுதித் தர மாட்டேன்,” என்றார் அதிகாரியிடம்.

அதிகாரி யோசித்தார். “பேப்பர்ல தேறலைன்னா வேலையில பார்த்துடுவோம். நாளைக்கு ஆஸ்பத்திரி பாய்லர். அவரே ரேடியோ பிடிக்கட்டும். நீங்க கூடவே இருந்து கேளுங்க. முடிச்சா ரேடியோ அவருக்கு. முடிக்கலைன்னா கேட்.”

அந்த ஆஸ்பத்திரி நான்கு பக்கமும் எட்டு மாடி, நடுவில் கிணறு மாதிரி ஒரு திறந்தவெளி. நான்கு சுவரிலும் வரிசை வரிசையாக ஜன்னல்கள். அந்த வெளியின் தரையில் இரண்டு ஆள் ஆழத்துக்கு ஒரு பள்ளம், பள்ளத்தின் அடியில் நான்கு போல்ட்டுகள் நீட்டிக்கொண்டு நிற்கும் மேடை. பாய்லர் அதன்மேல் உட்கார வேண்டும். பழைய பாய்லர் போய் நாலு நாளாகச் சலவையறையில் வெந்நீர் இல்லை. போர்வைகள் மலைபோல் குவிந்து, அந்த மலையில் ஒரு ஆயா வழிதவறிப் போனதாகப் பேச்சு.

கிரேன் வெளித்தெருவில் நின்றது. ஓட்டுபவர் ஒரு பெண். எல்லோரும் அவரைக் கிரேன் அக்கா என்றார்கள். அவர் மொழி இங்கே ஒருவருக்கும் தெரியாது, நம் மொழி அவருக்குத் தெரியாது. நடுவில் கொஞ்சம் இங்கிலீஷ். ஆள் தங்கம், ஆனால் இரண்டு நிபந்தனைகள் வைத்திருந்தார். காதில் குரல் கேட்டுக்கொண்டே இருக்கும்வரைதான் சுமையை இறக்குவார்; குரல் நின்றால் கை நின்றுவிடும். இது எல்லா ஓட்டுநரும் வைப்பதுதான். இரண்டாவது நிபந்தனை அவருக்கே உரியது. முன்பு வேறொரு இடத்தில் ஒரு சைகைக்காரர் “கம் டவுன், கம் டவுன்” என்று கிளிப்பிள்ளைபோலச் சொல்லிக்கொண்டே கைப்பேசியில் படம் பார்த்துக்கொண்டிருந்தாராம். சுமை போய் ஒரு மதில்மேல் உட்கார்ந்தது. அன்றிலிருந்து, ஒரே வாக்கியம் மூன்றாவது தடவை காதில் விழுந்தால் கிரேன் அக்கா நிறுத்திவிடுவார். இந்தக் கணம் கண்ணால் பார்ப்பதைச் சொல்ல வேண்டும். புதிதாகச் சொல்ல வேண்டும். டேப் வைத்து அளக்காமல் இத்தனை அடி, அத்தனை அடி என்று எண் எதுவும் சொல்லக் கூடாது.

இதை அதிகாரி விளக்கியதும் மாஸ்டர் நோட்டை மூடி வைத்துவிட்டார். “இருபது நிமிஷ வேலை. முந்நூறு வாக்கியம் வேணும். இவர்கிட்ட மொத்தமா முப்பது இருக்கு,” என்றார்.

“முப்பத்தொண்ணு மாப்ளே,” என்றார் கொக்கி. 

காலை ஒன்பதரைக்குப் பாய்லர் மொட்டைமாடி விளிம்பைத் தாண்டி வானத்தை அடைத்துக்கொண்டு வந்து நின்றது. சுவருக்கும் அதற்கும் ஒரு முழம்தான் இடைவெளி. ஆடாமல் பிடிக்க இரண்டு பேர் கீழே கயிற்றோடு நின்றார்கள். கொக்கி ரேடியோவின் பொத்தானை அமுக்கினார்.

“பாய்லர் இஸ் கமிங்.”

“யெஸ்,” என்றது ரேடியோ. பாய்லர் இறங்க ஆரம்பித்தது.

“ரோப் இஸ் கமிங். ஐ ஆம் லுக்கிங். பாய்லர் இஸ் கமிங். டூ மென் ஆர் ஹோல்டிங். சன் இஸ் ஷைனிங். பாய்லர் இஸ் கமிங்…”

மூன்றாவது தடவை! கிரேன் டக்கென்று நின்றது. நின்ற வேகத்தில் ஒன்பது டன்னும் தொட்டில்போல ஆடியது. ஏழாம் மாடி ஜன்னல் விளிம்பில் இருந்த ஒரு பூந்தொட்டியை லேசாகத் தொட்டது. அந்த லேசில் தொட்டி பொடிப்பொடியாகி மாஸ்டரின் ஷூவுக்குப் பக்கத்தில் வந்து விழுந்தது. கயிற்றுக்காரர்கள் இருவரும் தரையில் இழுபட்டார்கள். ஆட்டம் அடங்க ஐந்து நிமிஷம் ஆனது.

அதிகாரி பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார். “இன்னொரு தடவை இப்படி நின்னா, பாய்லரை மேல ஏத்திடுவோம். நாளைக்கு வேற ஆள்.”

கொக்கி நெற்றி வியர்வையை வழித்தார். கண்ணுக்கு முன்னால் கேட்டும் மின்விசிறியும் நோட்டும் வந்து நின்றன. மறுபடி பொத்தானை அமுக்கினார். இந்த முறை பாய்லரை மட்டும் பார்க்காமல், பாய்லரைச் சுற்றி அந்த நான்கு சுவருக்குள் உலகம் என்னென்ன செய்துகொண்டிருக்கிறது என்று பார்த்தார்.

“செவன் ஃப்ளோர் இஸ் கோயிங். பைப் இஸ் ஷைனிங். பேர்ட் இஸ் ஸ்லீப்பிங். நவ் பேர்ட் இஸ் நாட் ஸ்லீப்பிங். பேர்ட் இஸ் ரன்னிங். ஒன் டாக்டர் இஸ் யானிங். ஒன் தாத்தா இஸ் ஈட்டிங் பிஸ்கட்.”

“யெஸ். யெஸ். யெஸ்,” என்றது ரேடியோ.

ஆறு மாடி, ஐந்து மாடி என்று பாய்லர் வெண்ணெயில் கத்திபோல வழுக்கிக்கொண்டு இறங்கியது. அதிகாரி கையில் இருந்த இன்னொரு ரேடியோவில் கொக்கியின் குரல் ஒலிபெருக்கி மாதிரி முழங்கியது. ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. தங்களைப் பற்றித்தான் பேச்சு என்று தெரிந்தால் யார் திறக்காமல் இருப்பார்கள்?

நாலாம் மாடிக்கு வந்தபோது சரக்கு தீர்ந்துவிட்டது. பார்த்ததெல்லாம் சொல்லியாயிற்று. ஜன்னல்களில் இருப்பவர்கள் எல்லோரும் அசையாமல் நின்று வேடிக்கை பார்த்தார்கள். வேடிக்கை பார்ப்பதைத் தவிர வேறெதுவும் நடக்கவில்லை.

“நர்ஸ் இஸ் ஸ்டாண்டிங்,” என்றார் கொக்கி. “டாக்டர் இஸ் ஸ்டாண்டிங். தாத்தா இஸ் ஸ்டாண்டிங். ஆல் ஆர் ஸ்டாண்டிங். நர்ஸ்… நர்ஸ் இஸ் ஸ்டாண்டிங்.” குரல் இழுத்தது.  “நர்ஸ் இஸ்…”

நாலாம் மாடி நர்ஸ் கெட்டிக்காரி. இரண்டு தடவை தன்னைச் சொன்னதையும், மூன்றாவதில் அந்த மனிதர் முழிப்பதையும் கண்டாள். என்ன விவகாரம் என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் நிற்பது உதவாது என்று மட்டும் புரிந்துவிட்டது. டபக்கென்று உட்கார்ந்தாள்.

“நர்ஸ் இஸ் சிட்டிங்!” என்று அலறினார் கொக்கி.

“யெஸ்,” என்றது ரேடியோ.

அவ்வளவுதான், ஆஸ்பத்திரிக்குப் பொறி தட்டிவிட்டது. எதிர் ஜன்னல் அம்மா தலையை அவிழ்த்துச் சீவ ஆரம்பித்தார். காலில் மாவுக்கட்டு போட்டவர் கட்டிலில் கிடந்தபடியே கட்டை ஆட்டினார். பிஸ்கட் தாத்தா மிச்ச பிஸ்கட்டைப் பக்கத்து ஆளுக்கு ஊட்டினார். இரண்டாம் மாடியில் துடைப்பக்காரர் சுத்தமான தரையை மறுபடி பெருக்கினார். டாக்டர் ஒருவர் கழுத்தில் தொங்கியதை எடுத்துச் சுவரின் நெஞ்சில் வைத்துப் பார்த்தார். பத்து நாளாகப் பேசாத ஒரு நோயாளி அன்று பாடினார் என்று கொக்கி பிற்பாடு சொல்வார். அதை மட்டும் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம், முனகியிருப்பார்.

“லேடி இஸ் கோம்பிங்! லெக் இஸ் டான்ஸிங்! தாத்தா இஸ் கிவிங்! டாக்டர் இஸ் செக்கிங் வால்! வால் இஸ் நாட் டாக்கிங்!”

யாரும் வாய்விட்டுச் சிரிக்கவில்லை. கண்ணுக்கு முன்னால் ஒன்பது டன் போய்க்கொண்டிருப்பதும், அது ஒரு மனிதரின் பேச்சில் தொங்குவதும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஒவ்வொருவரும் தன் முறை வந்ததும் எதையாவது செய்தார்கள், அடுத்த ஜன்னலுக்கு வழி விட்டார்கள்.

பாய்லர் தரைமட்டத்துக்கு வந்து, பள்ளத்துக்குள் இறங்க ஆரம்பித்தது. இனி மேலே நின்று பார்த்தால் அடியில் இருக்கும் நான்கு போல்ட்டும் தெரியாது. பள்ளத்தின் பக்கச்சுவரில் ஒரு கதவு, கதவுக்குப் பின்னால் ஒரு குறுகிய நடைவழி. கொக்கி, “ஐ ஆம் வாக்கிங், ஐ ஆம் க்ளைம்பிங் டவுன், ஐ ஆம் ஓப்பனிங் டோர்,” என்று சொல்லிக்கொண்டே படி இறங்கி அந்த நடைக்குள் போனார். பின்னாலேயே மாஸ்டரும் போனார். பிழைகளை எண்ண வேண்டுமே!

அங்கே ஜன்னல் இல்லை, மனிதர் இல்லை. சாம்பல் நிறச் சுவர், ஒரு குண்டு பல்ப். கதவுக்கு அந்தப் பக்கம் பாய்லரின் நான்கு கால்கள், கீழே நான்கு போல்ட்டுகள். கடைசி இரண்டு அடியைக் கிரேன் அக்கா எறும்பு நகர்வதுபோல இறக்குவார். ஒவ்வொரு காலின் துளையும் ஒவ்வொரு போல்ட்டில் நேராக விழ வேண்டும். இப்போது நின்று ஆடினால் போல்ட் வளையும், மேடை போகும், எல்லாம் போகும்.

“பல்ப் இஸ் பர்னிங். லெக் இஸ் கமிங். போல்ட் இஸ் வெயிட்டிங். ஐ ஆம் ஸ்வெட்டிங்.” இரண்டு தடவை எல்லாவற்றையும் சுற்றி வந்துவிட்டார். சுவரைப் பார்த்தார். சுவர் எதுவும் செய்யவில்லை. திரும்பி மச்சினரைப் பார்த்தார். அந்த நடையில் உயிரோடு இருந்த ஒரே பொருள் மாஸ்டர்தான்.

“மாஸ்டர் இஸ் ஸ்டாண்டிங்,” என்றார். “மாஸ்டர் இஸ் ரைட்டிங். மாஸ்டர் இஸ் ஸ்டாண்டிங்.” பிறகு ஒன்றும் வரவில்லை. கண்கள் மட்டும் கெஞ்சின. பாய்லரின் கால் போல்ட்டின் தலையிலிருந்து ஒரு சாண் மேலே.

மாஸ்டர் அந்தச் சாணைப் பார்த்தார். அத்தானின் முகத்தைப் பார்த்தார். மேலே படிப்பக்கம் யாராவது வருகிறார்களா என்றும் பார்த்தார். பிறகு நோட்டையும் பேனாவையும் தரையில் வைத்தார்.

“மாஸ்டர் இஸ்…” கொக்கியின் குரல் ஒரு நூல் நடுங்கி, பிறகு நிமிர்ந்தது. “மாஸ்டர் இஸ் ஜம்ப்பிங்!”

அடுத்த ஒரு நிமிஷம் அந்த நடையில் நடந்ததைக் கொக்கியைத் தவிர யாரும் பார்க்கவில்லை. ரேடியோவில் மட்டும் எல்லோரும் கேட்டார்கள். கடைசியில் நான்கு துளையும் நான்கு போல்ட்டில் ‘டொக்’ என்று உட்கார்ந்தன. “ஸ்டாப்,” என்றார் கொக்கி. மேலே நான்கு சுவரும் கைதட்டின. மாஸ்டர் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு, தூசியைத் தட்டி, “அத்தான், இது இங்கேயே இருக்கட்டும்,” என்றார் மூச்சு வாங்கிக்கொண்டு. கொக்கி தலையாட்டினார்.

அந்தத் தலையாட்டலுக்காகத்தான் சாப்பாட்டு மேசையில் வாயை மூடினார்.

மறுநாள் காலை அதிகாரியின் அறைக்கு இருவரையும் கூப்பிட்டார்கள். மேசையில் ரேடியோவின் ஒலிப்பதிவு எழுதி வைத்த தாள்கள். முந்நூற்றுப் பன்னிரண்டு வாக்கியங்கள். கொக்கி சொல்லும்போது அது மூவாயிரம்.

“நேத்து மத்தியானத்திலேர்ந்து ராத்திரி வரைக்கும் இதை வெச்சுக்கிட்டு வார்டு வார்டா போனேன்,” என்றார் அதிகாரி. “நடக்காததை நடக்குதுன்னு ரேடியோல சொல்ற ஆள், ரொம்ப ஆபத்தான ஆள். நாளைக்குப் பாதை காலியா இருக்குன்னு சொல்லுவார், அங்க யாராவது நின்னுக்கிட்டிருப்பாங்க. அதனால ஒவ்வொரு வாக்கியத்துக்கும் சாட்சி கேட்டேன். நர்ஸ் உட்கார்ந்தேன்னு சொன்னாங்க. தாத்தா பிஸ்கட் கொடுத்தாராம். டாக்டர் சுவரைச் சோதிச்சதைக் கொஞ்சம் கூச்சப்பட்டு ஒத்துக்கிட்டார். பறவையைக்கூட விசாரிச்சாச்சு, கூடு காலியாத்தான் இருக்கு.”

தாளைத் திருப்பினார்.

“மிச்சம் கடைசி ஏழு. நடையில சொன்னது. அங்க வேற சாட்சி இல்லை. மாஸ்டர், உங்க அறிக்கை படிச்சேன். அருமையான இங்கிலீஷ். ஆனா இந்த ஏழைப் பத்தி ஒரு வரி இல்லையே?”

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

“ஏழும் நிஜம்னா ரேடியோ இவருக்கு. ஒண்ணு பொய்யா இருந்தாலும் கேட். சொல்லுங்க. நீங்க குதிச்சீங்களா?”

வெளியே கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இரண்டு கயிற்றுக்காரர்களும் ஏதோ வேலையிருப்பதுபோல நின்றார்கள். மாஸ்டரின் காது சிவந்தது. அறிக்கை அவர் கையெழுத்தோடு மேசையில் கிடந்தது. சாலையில், வகுப்பில், கல்யாண வீட்டில் எங்கே போனாலும் எழுந்து நிற்கிற ஜனம் இதைக் கேட்டால் என்ன ஆகும் என்று ஓடியிருக்கும் மனதில்.

கொக்கி தொண்டையைக் கனைத்தார். “மேடம், எழுதிடுங்க. நான் கேட்டுக்கே போறேன். நிழலா இருக்கும்.” சொல்லும்போது ஜன்னல் வழியாகக் கிரேனின் நீண்ட கையை அண்ணாந்து பார்த்தார். கழுத்து தானாக அந்தப் பக்கம் திரும்பியது.

“அத்தான், கொஞ்சம் சும்மா இருங்க,” என்றார் மாஸ்டர்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தார். “குதிச்சேன் மேடம்.”

அதிகாரி முதல் வரியில் டிக் போட்டார். “ஒரே கால்ல குதிச்சதா இருக்கு.”

“இடது கால்.”

“சுத்தினீங்களா?”

“மூணு சுத்து.”

“சுவரைப் பார்த்து வணக்கம் சொன்னீங்களா?”

“சொன்னேன்.”

“நாக்கை நீட்டினீங்களா?”

“நீட்டினேன்.”

“தவளை மாதிரி நடந்தீங்களா?”

“அந்த மாதிரிதான்னு நினைக்கிறேன்.”

கண்ணாடித் தடுப்புக்கு வெளியே ஒரு கயிற்றுக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அதிகாரியின் பேனா ஆறு டிக் போட்டு, ஏழாவது வரியில் நின்றது. அவர் அதை ஒருமுறை படித்தார், மாஸ்டரை ஏற இறங்கப் பார்த்தார், மறுபடி படித்தார்.

“மாஸ்டர் இஸ் ஃப்ளையிங்,” என்று வாசித்தார். “இது?”

 கொக்கி கண்ணை மூடிக்கொண்டார்.

மாஸ்டர் இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்தார். மடிப்புக் கலையாத சட்டை விம்மியது. விரித்த கைகளை அப்படியே வைத்துக்கொண்டு, பாடம் சொல்லும் அதே தெளிவான குரலில் சொன்னார்:

“பறந்தேன் மேடம். நடையோட இந்த முனையிலேர்ந்து அந்த முனை வரைக்கும். ரெண்டு தடவை.”